அணங்கா, மனுஷியா: மெல்லக் கனியும் தேவதைக் காதல் கதைகள் ஏன் இழுக்கின்றன?

காதல் கதை என்றால் "இவள் எனக்குக் கிடைப்பாளா" என்ற கேள்வியில் தொடங்கும் என்று நினைக்கிறோம். தமிழ் இலக்கணம் அதற்கும் முன்னால் ஒரு கேள்வியை வைத்திருக்கிறது: இவள் மனுஷிதானா? தொல்காப்பியக் களவியலில், அதாவது திருமணத்துக்கு முந்தைய காதலைப் பேசும் பகுதியில், தலைவியைக் கண்டதும் தலைவனுக்கு முதலில் வருவது ஐயம். அதைத் தீர்க்கும் கருவிகள் என்று எட்டு அடையாளங்களை வரிசையாக அடுக்குகிறது சூத்திரம்: வண்டு, இழை (நகை), வள்ளி (உடலில் எழுதும் கொடிக்கோலம்), பூ, கண், அலமரல் (தடுமாற்றம்), இமைப்பு, அச்சம். சூடிய பூவை வண்டு மொய்க்கிறது, பூ வாடுகிறது, கண் இமைக்கிறது, அவள் மிரள்கிறாள், ஆகவே மனுஷி. காமத்துப்பாலும் இதே தடுமாற்றத்தில்தான் திறக்கிறது. 1081ஆம் குறளின் முதல் சொல்லே "அணங்குகொல்", தெய்வப் பெண்ணோ என்ற கேள்வி. நளனின் உருவத்தில் தேவர்கள் நால்வர் வந்து நிற்கும் சுயம்வரத்தில் தமயந்தி தன் ஆளை அடையாளம் காண்பதும் கண் இமைப்பதை, கால் தரையில் படுவதை, மாலை வாடுவதைப் பார்த்துத்தான்.

இலக்கணத்தில் இந்த ஐயம் சில நொடிகளில் தீர்ந்துவிடும். தீர்ந்த பிறகுதான் காதல். மெல்லக் கனியும் தேவதைக் காதல் கதையோ அந்தச் சில நொடிகளை முந்நூறு பக்கத்துக்கு இழுத்துப் பிடிக்கிறது. அந்த வகையின் ஈர்ப்பு முழுவதும் இதில்தான் இருக்கிறது என்பது எங்கள் கருத்து. தமிழ் வாசகருக்கு அது அந்நியச் சரக்கு போலத் தோன்றாததற்கும் காரணம் இதுதான்.

ஆங்கிலத்தில் இவ்வகைக் கதைகளில் பல ரீஜென்சி காலத்தில், அதாவது 1811 முதல் 1820 வரையிலான இங்கிலாந்தில் நடக்கும். மணமாகாத நல்ல குடும்பத்துப் பெண் ஆணோடு தனியே இருக்கக் கூடாது. நடனத்தில்தான் கை தொடலாம், அதுவும் கையுறையோடு. இந்தக் கட்டுப்பாடுகளுக்குள் ஸ்காட்லாந்து, அயர்லாந்து நாட்டுப்புறத்து ஃபேரிகள், அதாவது தேவதைகள், நுழைகிறார்கள். சிறகு முளைத்த குட்டிப் பெண்கள் என்று இவர்களைக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். 1691இல் ராபர்ட் கிர்க் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் தம் ஊரார் இவர்களைப் பற்றி நம்பியதையெல்லாம் எழுதிவைத்தார். அடுத்த ஆண்டு அவர் இறந்தபோது, குன்றுக்குள் இருக்கும் அவர்களே கொண்டுபோய்விட்டார்கள் என்று ஊர் பேசியது. அவ்வளவு அச்சம். இரும்பு அவர்களுக்கு ஆகாது. கொடுத்த வாக்கை எழுத்துப் பிசகாமல் பிடித்துக்கொள்வார்கள். அவர்கள் தரும் உணவைத் தின்றால் திரும்ப முடியாது. உண்மைப் பெயர் தெரிந்தவனுக்கு அவர்கள் மேல் பிடி உண்டு. அவர்கள் உலகத்து ஓர் இரவு இங்கே பல வருஷம்.

இரண்டு பக்கமும் விதிகள் நிற்பதைக் கவனியுங்கள். ஊரின் விதி ஒன்று, அணங்கின் விதி ஒன்று. சாதாரணக் காதல் தொடரில் நாயகனும் நாயகியும் நாற்பது எபி (எபிசோட்) பிரிந்திருக்க வேண்டுமானால், யாரோ ஒருவர் ஒரு கேள்வியைக் கேட்காமல் இருக்க வேண்டும். ஐந்து நிமிடம் உட்கார்ந்து பேசினால் கதை முடிந்துவிடும். படிக்கிறவருக்கு அது எரிச்சல். இங்கே அவர்கள் பேசுகிறார்கள், ஒருவரையொருவர் புரிந்தும்கொள்கிறார்கள், ஆனாலும் நெருங்க முடியவில்லை. தாமதத்துக்கு யாருடைய முட்டாள்தனமும் காரணமாக வேண்டியதில்லை. "மெல்ல" என்பதை நாங்கள் இப்படித்தான் புரிந்துகொள்கிறோம்: ஒவ்வோர் அங்குல நெருக்கத்துக்கும் ஒரு விலை, அந்த விலை வாசகர் கண்ணுக்குத் தெரிய வேண்டும். உமி அடுப்பு போல. மேலே சாம்பல், கிளறினால்தான் உள்ளே எவ்வளவு சிவப்பு என்று தெரியும்.

சேலத்து மண்ணில் இதற்கு என்ன இருக்கிறது

இங்கிலாந்து நடன மண்டபத்தைப் பெயர்த்துக் கொண்டுவந்து வைத்தால் தமிழில் அது நாடக மேடை போலத்தான் இருக்கும். சேலம் வட்டாரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள், அதற்கு அந்தத் தேவையே இல்லை. சங்கப் பாடல்கள் பேசும் கொல்லிப்பாவை, சிரித்தே உயிரெடுக்கும் பாவை, பக்கத்துக் கொல்லிமலைக்கு உரியது. திருமுருகாற்றுப்படை மலைச்சோலையில் தெய்வப் பெண்களான சூரரமகளிரை ஆடவிடுகிறது. மலையில் வாழும் தெய்வப் பெண்ணுக்கு "வரையரமகள்" என்று அழகான பழஞ்சொல்லே இருக்கிறது. நீர்நிலை ஓரங்களில் கன்னிமார். உச்சிப் பொழுதில் அந்தப் பக்கம் போகாதே என்று பெரியவர்கள் இன்னும் சொல்வார்கள்.

அடுத்து இரும்பு. ஃபேரிக்கு இரும்பு ஆகாது என்பதைத் தமிழ் வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை. புளியமரத்தில் ஆணி அறைவதும் பிள்ளை பெற்றவள் பக்கத்தில் வேப்பிலையோடு இரும்புத் துண்டு வைப்பதும் நாம் அறிந்தவை. சேலத்தின் மேற்கே கஞ்சமலை முழுக்கக் காந்த இரும்புத் தாது. இன்றைய உருக்காலை அதன் அடிவாரத்தில்தான் நிற்கிறது. 1830களில் பரங்கிப்பேட்டை இரும்பாலைக்குச் சேலம் மாவட்டத் தாது போனது. வடக்கே சேர்வராயன் மலை. ஒரு பக்கம் இரும்பு மலை, மறுபக்கம் அணங்கு மலை, நடுவே ஊர். உலகத்தைக் கட்ட எழுத்தாளர் மெனக்கெட வேண்டாம், நிலமே கட்டிவைத்திருக்கிறது.

எடுத்துக்காட்டுக்கு ஒரு கதையை யோசிப்போம். காலம் 1820கள். 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் இந்த வட்டாரம் திப்பு சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போய் ஒரு தலைமுறை ஆகிவிட்டது. கலெக்டர் காக்பர்ன் சேர்வராயனுக்குக் காப்பிச் செடியைக் கொண்டுவந்த காலம். நாயகன் நில அளவைக்காரன், வயது 28, தோளில் அளவுச் சங்கிலி. அவள் வரையரமகள்.

அந்தச் சங்கிலியைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும், ஏனென்றால் முழுக் கதையும் அதில் இருக்கிறது. ஆங்கிலேயரின் கண்டர் சங்கிலி 66 அடி நீளம், 100 கண்ணி. நம் பழைய புலப்படங்களில் (நில அளவைப் படங்களில்) "லிங்க்ஸ்" என்று வருவது அந்தக் கண்ணிதான். கண்ணிகள் இரும்பு. ஆனால் பத்துக் கண்ணிக்கு ஒரு பித்தளை வில்லை தொங்கும்; இரு முனைக் கைப்பிடியும் பித்தளை. இழுத்துப் பிடிக்க இரண்டு பேர் வேண்டும். உதவியாள் காய்ச்சலில் படுத்துவிட்டான் என்று வையுங்கள். அவளால் பித்தளைக் கைப்பிடியைப் பிடிக்க முடியும், இரும்பைத் தொட முடியாது. ஆக, இருவருக்கும் நடுவே சரியாக 66 அடி. சரிவில் சங்கிலியைத் தரையோடு கிடத்தி அளந்தால் கணக்கு தப்பும். படிப்படியாக, கிடைமட்டமாகப் பிடித்து, தூக்குக் குண்டு தொங்கவிட்டு இறங்க வேண்டும். ஒரு சரிவுக்கே நாள் கணக்கில் ஆகும். அவர்கள் மாதக்கணக்கில் சேர்ந்து இருப்பதற்கு இதைவிட நேர்மையான காரணம் கிடைக்காது. வேலை முடிந்து சங்கிலியை மடிக்கும் போதெல்லாம் 66 அடி குறைந்துகொண்டே வரும். எங்கே நிறுத்துவது என்பதில்தான் எழுத்தாளரின் கை தெரியும்.

இன்னொன்றும் இந்தச் சங்கிலிக்குள் இருக்கிறது. மோகினிக் கதைகளின் பெரிய சிக்கல் மயக்கு. அவள் மயக்கியதால் அவன் காதலித்தான் என்றால் அங்கே கனிவதற்கு ஒன்றுமில்லை, மனசே அவனுடையதல்லவே. அவன் தோளில் இரும்பு கிடக்கும் வரை மயக்கு பலிக்காது. ஆகவே முதல் பாகம் முழுக்க அவன் உணர்வது அவனுடைய சொந்த உணர்வு. பின்னர் ஒரு நாள், மயக்கு பலிக்கும் என்று தெரிந்தே, சங்கிலியைக் கழற்றிக் கல்லின் மேல் வைக்கிறான். அவள் மயக்கைப் பயன்படுத்தாமல் உட்கார்ந்திருக்கிறாள். இருவரும் ஒருவரை ஒருவர் நம்பிய இடம் அது. ஒரு முத்தக் காட்சி செய்யக்கூடியதைவிட இது அதிகம் செய்யும்.

நெருப்பையும் சொல்ல வேண்டும். உரசினால் பற்றும் தீக்குச்சி 1820களின் கடைசியில்தான் இங்கிலாந்திலேயே விற்பனைக்கு வந்தது. மலையில் விளக்கேற்ற சக்கிமுக்கிக் கல்லில் எஃகைத் தட்ட வேண்டும். எஃகு, அவளுக்கு ஆகாதது. அதனால் அவன் எஃகு தட்டுவதையே விட்டுவிட்டு, மண்சட்டியில் தணலைச் சாம்பல் மூடி விடிய விடியக் காக்கிறான். ஏன் என்று அவன் சொல்வதில்லை. பத்து எபி கழித்து, காலையில் சட்டியைத் தொட்டுப் பார்த்து அவளே புரிந்துகொள்ளட்டும். அன்பைச் சொல்லாமல் காட்டும் இப்படிப்பட்ட செயல் கதைக்கு மூன்று நான்கு வேண்டும். இருபது வைத்தால் சலிக்கும்.

காலக் கணக்கு

தேவருக்கு ஒரு நாள் நமக்கு ஒரு வருஷம். உத்தராயணம் பகல், தட்சிணாயனம் இரவு, மார்கழி விடியல். ஃபேரி உலகத்துக் கால வேறுபாட்டுக்குத் தமிழில் தயாராக இருக்கும் கணக்கு இது. எழுதுகிறவர் இதைத் துல்லியமாகப் போட வேண்டும். ஒரு நாளுக்கு 60 நாழிகை. அவளுடைய ஒரு நாழிகை நமக்கு ஏறக்குறைய 6 நாள். "ஒரு நாழிகையில் வருகிறேன்" என்று அவள் போனால் அவன் ஒரு வாரம் காத்திருப்பான். "நாளைக்குப் பார்க்கலாம்" என்றால் ஒரு வருஷம். அவள் பொய் சொல்லவில்லை, அலட்சியமும் இல்லை. இந்த வலிக்கு யாரையும் குற்றம் சொல்ல முடியாது என்பதுதான் அதை ஆழமாக்குகிறது.

காப்பிச் செடி இந்தக் கணக்கோடு அப்படியே பொருந்தும். நட்ட கன்று முதல் காய்ப்புக்கு வர 3, 4 வருஷம் ஆகும். கோடையின் முதல் நல்ல மழை விழுந்து சுமார் 9 நாளில் தோட்டம் முழுக்க ஒரே நேரத்தில் வெள்ளையாகப் பூக்கும், மல்லிகை போல மணக்கும், இரண்டு மூன்று நாளில் பழுப்பேறி உதிரும். அதன் பிறகு சில வாரத்தில் இன்னொரு மழை வராவிட்டால் பிஞ்சு சரியாகப் பிடிக்காது. பிடித்தால் எட்டு ஒன்பது மாதம் கழித்து, பனிக்காலத்தில் பழம். அவன் நட்ட கன்று பழம் தருவதற்குள் அவள் கணக்கில் நான்கு நாள்தான் ஆகியிருக்கும். அவன் 28இலிருந்து 32 ஆகிவிட்டான். அவள் பார்வையில் இது அவசரக் காதல், அவன் பார்வையில் ஆயுளில் ஒரு துண்டு. மெல்லக் கனிதல் ஒருவர் பக்கம் மட்டும் வலிக்கிறது என்பதை அவள் உணரும் இடம் கதையின் நடுவில் வர வேண்டும். கடைசியில் வைத்தால் அவளுக்கு அதைச் சரிசெய்ய நேரமிருக்காது.

அந்த இரண்டாம் மழையையும் மறக்க வேண்டாம். பெரிய காட்சி ஒன்று, கை தொட்டதோ உயிர் காத்ததோ, எழுதிவிட்டு அடுத்த ஆறு எபி எழுத்தாளர்கள் வேறு பாத்திரங்களிடம் போய்விடுகிறார்கள். பூ பிடிப்பதில்லை. நெருக்கம் கூடிய காட்சிக்கு அடுத்த இரண்டு எபிக்குள் அதன் விளைவைக் காட்டும் சின்னக் காட்சி ஒன்று கட்டாயம்.

பெயரும் விளிப்பும்

தமிழில் எழுதுகிறவருக்கு ஆங்கிலத்தில் இல்லாத ஒரு வசதி இருக்கிறது: நீங்கள், நீர், நீ. மரியாதைப் பன்மையிலிருந்து ஒருமைக்கு இறங்குவது ஒரு தொடுகைக்குச் சமம். அதை வீணாக்காதீர்கள். மூன்றாம் எபியில் வாய்தவறி "நீ" வந்துவிட்டால் நாற்பதாம் எபியில் கொடுக்க ஒன்றும் மிஞ்சாது. பெயரும் அப்படியே. அணங்கின் பெயரைச் சொன்னால் அவள் கட்டுப்படுவாள் என்பது அவள் உலகத்து விதி. கணவன் பெயரை மனைவி வாயால் சொல்லக் கூடாது என்பது அந்தக் காலத்து வீட்டு விதி. இரண்டும் மோதும் இடத்தில் அவள் தன் பெயரைக் கொடுத்துவிட்டு அவன் பெயரைச் சொல்ல மறுக்கலாம், அல்லது நேர்மாறாக. எதைத் தேர்ந்தாலும் அது ஒரு சரணாகதியாக அமையும். உணவும் இதே ஆயுதம்தான்: அவள் நீட்டும் தேனும் தினைமாவும் அவன் தின்னக் கூடாது, அவன் கிண்டிய களியில் உப்பு இருக்கிறது, உப்பைத் தின்றால் நன்றிக்கடன்.

தோழி ஒருத்தியும் வேண்டும். களவுப் பாடல்களில் பாதி வேலையைத் தோழிதான் செய்கிறாள்: அலர் (ஊர்ப்பேச்சு) எழுகிறது என்று எச்சரிப்பாள், மணந்துகொள் என்று தலைவனை நெருக்குவாள். தோழி இல்லாத கதையில் இருவரும் தங்கள் மனத்தைத் தாங்களே வசனமாகப் பேச வேண்டிவரும், அது இந்த வகைக்கு விஷம்.

எங்கே கெடுகிறது

அதிகம் கெடுவது மெதுவுக்கும் தேக்கத்துக்கும் வித்தியாசம் தெரியாததால். சோதித்துப் பார்க்க எளிய வழி: ஏதாவது ஒரு எபியை எடுத்துவிட்டு முன்னதையும் பின்னதையும் ஒட்டிப் படியுங்கள். இடறவில்லை என்றால் அந்த எபி தேக்கம். ஒவ்வோர் எபிக்குப் பிறகும் ஏதோ ஒன்று திரும்பப் பெற முடியாதபடி மாறியிருக்க வேண்டும்; ஒரு சொல், ஒரு அடி தூரம், ஒரு ரகசியம்.

எபிக்கு 1,200 சொல் வீதம் 60 எபித் தொடர் என்றால் 72,000 சொல். நாங்கள் பரிந்துரைப்பது இப்படி: முதல் 20 எபிக்குள் தொடுகையே இல்லை, ஆனால் 20இல் சங்கிலி இறங்க வேண்டும். 30 வாக்கில் இருவரில் ஒருவருக்குத் தன் மனம் தெரிந்துவிடும், மற்றவருக்குத் தெரியாது. பெயர் 40ஐ ஒட்டி. தொடுகை 48 வரை பொறுக்கலாம். அதற்கு மேல் இழுத்தால், அடுத்த யூடி (அப்டேட்) எப்போது என்று கேட்டுக்கொண்டிருந்த வாசகர் கேட்பதை நிறுத்திவிடுவார். தொட்ட பிறகு கடைசிப் பன்னிரண்டு எபியும் ஓட்டமாக ஓடுவது இன்னொரு கேடு. பொறுத்தவருக்குப் பந்தி போட்டுவிட்டு இலையை உருவக் கூடாது. காமத்துப்பாலில் களவுக்கு 7 அதிகாரம், கற்புக்கு 18. சேர்ந்த பிறகுதான் பிரிவும் ஏக்கமும் ஊடலும் என்று வள்ளுவர் நெடுநேரம் நிற்கிறார்.

காலப் பிழை அடுத்தது. 1820களில் சேர்வராயன் மேல் சில்வர் ஓக் நிழல் இருக்க முடியாது. அது ஆஸ்திரேலிய மரம், பின்னால் வந்தது. சேலத்துக்கு ரயில் வந்தது 1860களில். 20 கொண்டை ஊசி வளைவுள்ள இன்றைய சாலையும் அப்போது இல்லை. ஏறக்குறைய 280 மீட்டர் உயரத்துச் சேலத்திலிருந்து 1,500 மீட்டர் உயரத்து ஏற்காட்டுக்குக் காட்டுப் பாதையில் கால்நடையாகவோ மட்டக் குதிரையிலோ ஏற வேண்டும். இந்தச் சிரமத்தை எழுதினாலே வேகம் தானாகக் குறையும். ஏறுவதற்கு ஒரு பகல் போய்விடும் என்றால், "சும்மா பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தேன்" என்ற வசனத்துக்கே எடை கூடிவிடுகிறது.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். சேர்வராயனும் காவேரி அம்மனும் மலை உச்சிக் குகைக் கோவிலில் இன்றும் வழிபடப்படும் தெய்வங்கள். இந்த மலையில் வாழும் மலையாளி பழங்குடி மக்கள் மே மாதத்தில் திருவிழா எடுக்கிறார்கள். கொல்லிப்பாவையை எட்டுக்கை அம்மனாகக் கும்பிடுகிறார்கள். இந்தத் தெய்வங்களைத் தூக்கிக் காதல் நாயகனாகவோ நாயகியாகவோ ஆக்காதீர்கள். வரையரமகள் என்ற பழஞ்சொல் கோவிலோ பூசாரியோ இல்லாமல் பாட்டில் மட்டும் வாழ்கிறது. கற்பனைக்கு அது போதும். மலை மக்களை வழிகாட்டியாகவும் குறி சொல்பவராகவும் மட்டும் நிறுத்துவதும் அதே அளவு தவறு. 1820களில் காப்பிக்காக மாறத் தொடங்கியது அவர்களுடைய மலை. அவர்களில் ஒருத்தியே தோழியாக, தனக்கென்று கவலையும் கருத்தும் உள்ளவளாக இருக்கட்டும். அளவுச் சங்கிலி எதற்காக மலையேறுகிறது என்று நாயகனிடம் கேட்கும் தகுதி அவளுக்குத்தான் உண்டு.

முடிவு எப்படி என்பதை எழுதத் தொடங்கும் முன்பே தீர்மானிக்க வேண்டும். அவள் மனுஷியாகலாம், அவன் மலைக்குள் போகலாம், பிரியலாம். வழக்கமாக முதலாவதையே எடுக்கிறார்கள். அதில் அவள் இழப்பது ஒரு வரியில் கடந்துபோய்விடுகிறது. எதை எடுத்தாலும் எட்டு அடையாளங்களில் ஒன்றை முதல் எபியிலேயே ஊன்றிவையுங்கள். அவள் தலையில் ஒரு காப்பிப் பூக்கொத்து. ஒரு வாரம் கழித்தும் அதே வெள்ளை. அவன் அதைப் பார்க்கிறான், கேட்கவில்லை. அறுபதாம் எபியில் நான்காவது கோடை மழைக்குப் பின் தோட்டம் மறுபடி பூத்திருக்கிறது, அவள் புதிதாக ஒரு கொத்து சூடுகிறாள். இனி நான் உன்னோடுதான் என்ற வசனம் வேண்டாம். மூன்றாம் நாள் பூவின் ஓரம் பழுப்பேறட்டும். அல்லது அதற்கும் முன்னால், தோட்டம் முழுக்க இரைந்துகொண்டிருக்கும் தேனீக்களில் ஒன்று வழிமாறி வந்து அவள் கூந்தலில் உட்காரட்டும்.